நாலில் ஒரு பங்கு உயரம்

அண்ணி தூங்கிட்டாங்க. சாய்வு நாற்காலியில தலையை ஒரு பக்கமாப் போட்டு, வாயை லேசாத் திறந்துக்கிட்டு, சாப்பிட்ட அசதியில நல்லாத் தூங்குறாங்க. அவங்க நெஞ்சு ஏறி இறங்குது, நெஞ்சோட சேர்த்துக் கட்டியிருக்கிற துணிக்குள்ள என் பிள்ளையும் ஏறி இறங்குது. எனக்குத் தெரியுறது மஞ்சக் குல்லாவும் குல்லாவுக்குக் கீழ அரைக் கன்னமும்தான். பிறந்து பதினாறு நாளாச்சு, இந்த அரைக் கன்னத்துக்கு மேல நான் கண்டது கொஞ்சம். முதல் ஏழு நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விளக்குச் சூட்டுல கிடந்தா. எட்டாம் நாள் காலையில டாக்டரம்மா வந்து, இனிமே நெஞ்சுலயே போட்டு வளர்க்கலாம், தோலோட தோல் ஒட்டி இருக்கணும், கங்காரு மாதிரின்னு சொன்னாங்க. அன்னைக்குன்னு பார்த்து எனக்கு ஆபரேஷன் தையல்ல சீழ் வச்சு நூத்திரண்டு காய்ச்சல். காய்ச்சக்காரி தொடக்கூடாதுன்னுட்டாங்க. ஆம்பளைங்களை இந்த ரூமுக்குள்ள விடுறதில்ல, எங்கம்மா போய் நாலு வருஷம் ஆச்சு. வேற யாரு இருக்கீங்கன்னு பெல்சி சிஸ்டர் கேட்ட கேள்வி வாயை விட்டு வர்றதுக்குள்ள, நான் இருக்கேன்னு சேலை முந்தானையை இடுப்புல செருகிட்டு முன்னால வந்து நின்னாங்க என் வீட்டுக்காரரோட அக்கா, இந்த மாரீஸ்வரி அண்ணி. அன்னையில இருந்து ஒன்பது நாளா அவங்கதான் கங்காரு. இந்த ரூம்ல நாலு நாற்காலி, மத்த மூணுலயும் பெத்தவங்க உக்காந்திருக்காங்க. நான் மட்டும் செவுத்தோரம் ஸ்டூல்ல, சினிமாப் பார்க்க வந்தவ மாதிரி.

மணி ரெண்டு இருபது. நாலு மணிக்கு என் முறை. ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாம இருந்தா நாலு மணிக்கு அம்மாகிட்டக் குடுத்துருங்கன்னு நேத்து டாக்டரம்மா எழுதிட்டுப் போயிருக்காங்க. அம்மான்னா நான். கால்ல கட்டியிருக்கிற பட்டையில 'வினோதினி குழந்தை'ன்னு போட்டிருக்கு, அதான் எனக்கு இருக்கிற ஒரே பட்டா. நேத்து இட்லி கொண்டு வந்த கேன்டீன்காரம்மாகூட அண்ணியைப் பார்த்து, பிள்ளை அப்படியே உங்களை உரிச்சு வச்சிருக்குன்னாங்க. இவங்க சிரிச்சுக்கிட்டே, அத்தை சாயல் அடிச்சா அதிர்ஷ்டம்லன்னாங்க. கன்னத்தை மட்டும் வச்சுக்கிட்டு எப்படிச் சாயல் சொல்றாங்களோ. ஒண்ணேகால் கிலோ பிள்ளைக்கு என்ன சாயல் இருக்கும், சுருங்குன தோலும் மூக்கும்தான இருக்கும். எனக்கு எரிச்சல் தொண்டை வரைக்கும் வந்துச்சு, அதை இட்லியோட சேர்த்து முழுங்கினேன்.

வெளிய கரிசக்காட்டு வெயில். ஜன்னல் கம்பியைத் தொட முடியலை, ரோட்டுல ஒரு நாய் கூட இல்ல, மே மாசம், நூத்தி நாலு டிகிரின்னு பேப்பர்ல போட்டிருக்கு. இந்த ஊர்ல, இந்த வெயில்ல, ஒரு பிள்ளைக்குக் குளிரும்னு சொன்னா யாராவது நம்புவாங்களா. நான் நம்புவேன், ஏன்னா அதுதான் எனக்குப் பிழைப்பு. பத்தாங்கிளாஸ் கணக்கு, அளவியல், ஏழு வருஷமா நடத்துறேன். ஒரே வடிவத்துல ரெண்டு உருவம், சின்னதோட உயரம் பெருசுல பாதின்னா, புறப்பரப்பு கால் பங்கு, கன அளவு எட்டுல ஒரு பங்கு. பிள்ளைங்க எல்லாத்தையும் பாதி பாதின்னு எழுதி வைக்கும், நானும் செவப்பு மையில சுழிச்சு சுழிச்சுக் கை வலிச்சுப் போவேன். இவ நீளம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். அண்ணி உயரம் நூத்தி அம்பத்திரண்டு. சரியா நாலு மடங்கு. அப்ப இவ தோல் பதினாறுல ஒரு பங்கு, உடம்பு அறுபத்துநாலுல ஒரு பங்கு. சூட்டை உண்டாக்குறது உடம்பு, வெளிய விடுறது தோல். பதினாறுல ஒரு பங்கு வாசல் வழியா ஓடிட்டே இருக்கிற சூட்டை அறுபத்துநாலுல ஒரு பங்கு அடுப்பு எப்படி ஈடு கட்டும். அதான் குளிருது. அதான் இன்னொரு உடம்பு வேணும். முதல் நாள் பெல்சி சிஸ்டர் இதைச் சொல்லிக் குடுக்க வாயெடுத்தாங்க, சின்னக் குழந்தைக்குச் சூடு நிக்காதும்மான்னு. நான் விளக்கமாச் சொல்லலாம்னு தொண்டையைச் செருமுறேன், அதுக்குள்ள அண்ணி, ஆமா சிஸ்டர், கையளவு சோத்துருண்டை சட்டுனு ஆறிரும், அண்டாச் சோறு சாயங்காலம் வரைக்கும் சுடும்ல, அதானன்னாங்க. பள்ளிக்கூடத்துச் சத்துணவுல நூத்தம்பது பிள்ளைங்களுக்குச் சோறு வடிக்கிறவங்க. சிஸ்டருக்கு ஒரே சிரிப்பு, எவ்வளவு கரெக்டாச் சொல்லிட்டீங்கன்னு. மூணு பீரியட் போர்டு நிறைய வரைஞ்சு நான் சொல்றதை ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டாங்க. பிள்ளையைத்தான் எடுத்துக்கிட்டாங்க, சரி, என் பாடத்தையுமா எடுத்துக்கணும்.

நேத்து ராத்திரி தூக்கம் வராமக் கிடந்தப்ப ஒரு கணக்குப் போட்டேன், போட்டிருக்கக் கூடாது. பிள்ளை பிறந்தப்ப ஒண்ணு புள்ளி ரெண்டு கிலோ. அறுபத்துநாலால பெருக்கினா எழுபத்தாறு புள்ளி எட்டு. அண்ணி எடை எழுபத்தேழு, வராந்தா மெஷின்ல ஏறிட்டு அவங்களே ஊருக்கெல்லாம் கேக்குற மாதிரிச் சொன்னது. உடம்பெல்லாம் ஜில்லுன்னு ஆயிருச்சு எனக்கு. என் உயரம் நூத்தி அறுபது, அதை முப்பத்தெட்டால வகுத்து, பிள்ளை எடையை அதால மூணு தடவை பெருக்கிப் பார்த்தா நான் தொண்ணூறு கிலோ இருக்கணும். நான் இருக்கிறது நாப்பத்தொம்பது. அப்ப கணக்குப்படி இவ என்னைச் சுருக்கினது இல்ல, அண்ணியைச் சுருக்கினது. கேன்டீன்காரம்மா சும்மா சொல்லலை. படுக்கையில எந்திரிச்சு உக்காந்துட்டேன். அப்புறம் எனக்கே வெக்கமாப் போச்சு, ஏன்னா சூத்திரம் வேலை செய்யணும்னா ரெண்டும் ஒரே வடிவமா இருக்கணும். பிறந்த பிள்ளைக்குத் தலை உடம்புல கால்வாசி, பெரியவங்களுக்கு ஏழுலயோ எட்டுலயோ ஒரு பங்கு. ரெண்டும் வடிவொத்த உருவமே இல்ல. என் கிளாஸ்ல ஒரு பிள்ளை இப்படிப் போட்டிருந்தா முட்டை மார்க் போட்டு, கேள்வியை ஒழுங்காப் படின்னு எழுதியிருப்பேன். டீச்சருக்கு யாரு மார்க் போடுறது. தெரிஞ்சும் அந்த எழுபத்தாறு புள்ளி எட்டு மண்டைக்குள்ள இருந்து போகலை, இப்பவும் அண்ணியைப் பார்க்கிறேன், இப்பவும் அதுதான் ஓடுது.

அண்ணி கை பிள்ளை முதுகு மேல இருக்கு. தூக்கத்துலயும் அந்தக் கை நழுவலை. அது வேற எரியுது. ரெண்டு பிள்ளை பெத்து வளர்த்த கை, ஒண்ணு காலேஜ், ஒண்ணு பாலிடெக்னிக். உங்களுக்குத்தான் ரெண்டு இருக்கே அண்ணி, எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான, இதையும் நீங்களே வச்சுக்கிட்டா எப்படி. அய்யோ, அவங்க என்ன பறிச்சா வச்சிருக்காங்க. வீட்டைப் போட்டுட்டு வந்து, நாற்காலியிலயே தின்னு, நாற்காலியிலயே தூங்கி, ஒண்ணுக்குப் போகக்கூட சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டுப் போறவங்க. முதுகு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்லலாம்ல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சலிச்சுக்கிட்டா எனக்கு எவ்வளவு ஆறுதலா இருக்கும். பிள்ளைக்குப் பால் என்கிட்ட இருந்துதான் போகுது, பீய்ச்சிக் குடுக்கிறேன், சங்கு மாதிரி இருக்கிற பாலாடையில இருபத்திரண்டு மில்லி, அதையும் அவங்கதான் புகட்டுறாங்க. குடிச்சு முடிச்சுட்டு அவங்க முகத்தைத்தான் பார்க்குறா. நான் கறக்குற மாடு, அவங்க வளர்க்கிற தாய்.

சொல்லவே கூசுற ஒண்ணு இருக்கு. யாருக்கும் சொல்லப் போறதில்ல, எனக்குள்ளயே சொல்லிக்கிறேன். இன்னைக்கு ரெண்டு மணிக்குப் பெல்சி சிஸ்டர் வந்து பிள்ளை கக்கத்துல தெர்மாமீட்டரை வச்சாங்க. அது காட்டுறதுக்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் நான் என்ன நினைச்சேன்னா, குறைஞ்சிருக்கணும். கொஞ்சூண்டு, ஆபத்து இல்லாத அளவு. அண்ணி நெஞ்சுல சூடு பத்தலைன்னு ஒரே ஒரு தடவை அந்த மெஷின் சொல்லணும். முப்பத்தாறு புள்ளி எட்டு, சூப்பரா இருக்கான்னு சிஸ்டர் சொன்னாங்க, எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு. பெத்த பிள்ளைக்குச் சூடு இருக்குன்னு கேட்டு ஏமாந்து போன தாய் இந்த உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ஸ்டூலோட விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சாமி, நான் நினைச்சது எதையும் கணக்குல எடுத்துக்காதன்னு வேண்டிக்கிட்டேன்.

குளிருதா எனக்கு. இல்ல. ஃபேன் காத்து. ஃபேன் ஓடலை, இந்த ரூம்ல ஃபேன் போட மாட்டாங்க, பிள்ளைங்களுக்கு ஆகாது. சரி, இவ்வளவு நேரம் ஒரே இடத்துல உக்காந்தா யாருக்கும் முதுகு சில்லுன்னுதான் இருக்கும். மத்தியானம் பன்னெண்டரைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திட்டு, பையில மிச்சம் கிடந்த காய்ச்சல் மாத்திரை ஒண்ணைக் குழாய்த் தண்ணியில போட்டு முழுங்கினேன். காய்ச்சல் வந்ததுன்னு இல்ல, வந்துறக் கூடாதுன்னு. முன்னெச்சரிக்கை. அதுல என்ன தப்பு. தையலோட வலது ஓரம் காலையில இருந்து ஈரமா இருக்கு, அது வேர்வை, மே மாசத்துல வேர்க்காம என்ன செய்யும். சிஸ்டர்கிட்டச் சொல்லியிருக்கலாம். சொன்னா இன்னும் மூணு நாள்னு சொல்லுவாங்க, மூணு நாள்ல பிள்ளை என்னை மறந்துருவா. மறக்கிறதுக்கு முதல்ல தெரிஞ்சிருக்கணும்ல. மாத்திரை நாலஞ்சு மணி நேரம் தாங்கும். மூணரைக்குப் பார்க்கும்போது தொண்ணூத்தெட்டு காட்டும், நாலு மணிக்குப் பிள்ளை என் கையில. அதுக்கப்புறம் காய்ச்சல் வந்தா. வராது. வந்தா அப்பப் பார்த்துக்கலாம். சீழ் வச்ச உடம்புல இருந்து இந்தத் துளியூண்டு உடம்புக்கு ஏதாவது தொத்துச்சுன்னா தாங்காதுன்னு டாக்டரம்மா முதல் நாளே சொன்னது காதுல கேக்குது, நான் காதைப் பொத்திக்கிறேன்.

"என்ன வினோ, அப்படியே பார்த்துக்கிட்டு இருக்க."

அண்ணி கண்ணைத் திறந்துட்டாங்க. எவ்வளவு நேரமா முழிச்சிருக்காங்கன்னு தெரியலை. என் மூஞ்சியில என்னத்தைப் பார்த்தாங்களோ.

"சும்மாதான் அண்ணி."

"போய்க் கொஞ்சம் படு. நாலு மணிக்கு மேல அசைய முடியாது பாத்துக்க. இடுப்புக்குத் தெம்பு வேணாமா."

"தெம்பெல்லாம் இருக்கு."

"தும்மல் வந்தா அடக்கிக்கிறணும். இவளுக்குத் தும்முனா பிடிக்காது, உதைப்பா. இடது பக்கமாத் தலை இருந்தாத்தான் தூங்குவா. நீ வலது பக்கம் வச்சுராத."

என் பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே பாடம். சரிங்க அண்ணின்னு சொல்றேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு. அவங்க குனிஞ்சு குல்லாவுல மூக்கை வச்சு மோந்து பார்க்கிறாங்க, நான் ஒருத்தி எதிர்ல உக்காந்திருக்கேங்கிற நினைப்பே இல்லாம. மோந்தது போதும் அண்ணி. கடிகாரத்தைப் பார்க்கிறேன், மூணு பத்து. இந்த முள்ளுக்கு இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு.

பெல்சி சிஸ்டர் மூணரைக்கு வர்றாங்க, சொன்னா சொன்ன நேரம். வாயைத் திறங்கன்னு நாக்குக்கு அடியில தெர்மாமீட்டரை வைக்கிறாங்க. நான் செவுத்துல இருக்கிற தாய்ப்பால் படத்தையே பார்க்கிறேன். நெஞ்சு அடிக்கிறது தெர்மாமீட்டர்ல தெரியுமோன்னு ஒரு பயம், கணக்கு டீச்சருக்கு இப்படி ஒரு புத்தி. தொண்ணூத்தெட்டு புள்ளி எட்டு. நல்லாருக்கு வினோதினி, போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு கவுன் மாத்திட்டு வாங்க. ஜெயிச்சுட்டேன். நிஜமாவே அந்த வார்த்தைதான் வருது, ஜெயிச்சுட்டேன். கையை முழங்கை வரைக்கும் கழுவுறேன், முன்பக்கம் திறக்கிற கவுனைப் போடுறேன், விரலு நடுங்குது, நாடாவைக் கட்ட வரலை. சந்தோஷத்துல நடுங்குதுன்னு வச்சுக்குவோம். பக்கத்து ரூம்ல இருந்து ஒரு சாய்வு நாற்காலியைக் கொண்டாந்து அண்ணி பக்கத்துலயே போட்டிருக்காங்க. சாஞ்சு உக்காந்து கவுனைத் திறக்கிறேன். என் நெஞ்சு எலும்பு தெரியுற நெஞ்சு, பார்க்கவே பாவமா இருக்கு. பரவாயில்ல, இது இவளுக்குன்னு வந்த நெஞ்சு.

அண்ணி துணி முடிச்சை அவிழ்க்கிறாங்க, மெதுவா, ரொம்ப மெதுவா, வேணும்னே மெதுவாச் செய்யுற மாதிரி. சீக்கிரம்மா, காத்துப் பட்டா ஆறிருவான்னு பெல்சி சிஸ்டர் சொல்லி, ரெண்டு கையையும் உள்ள விட்டுப் பிள்ளையைத் தூக்குறாங்க. இப்பத்தான் முதல் தடவையா இவ்வளவு கிட்ட முழுசாப் பார்க்கிறேன். குல்லா, ஒரு துளி டயப்பர், ரெண்டு காலுறை, அவ்வளவுதான் உடுப்பு, மத்ததெல்லாம் தோல். எவ்வளவு தோல். இத்தனூண்டு உடம்புக்கு இவ்வளவு தோலான்னு இருக்கு, போர்டுல சாக்பீஸால எழுதினப்ப இது தெரியலை எனக்கு. அண்ணிக்கும் எனக்கும் நடுவுல, காத்துல, சிஸ்டர் கையில இருக்கா. கை ரெண்டையும் விரிச்சுத் திடுக்குன்னு ஒரு உதறு உதறுறா. தொடையில சிவப்பும் வெள்ளையுமாத் திட்டுத் திட்டா வருது, உதட்டோரம் நிறம் மாறுது. நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஆறிட்டு இருக்கா. என் முதுகுல அந்தச் சில்லுப்பு திரும்ப வருது, இந்தத் தடவை பல்லு வரைக்கும். யோசிக்க இப்ப நேரம் இல்ல. ஒன்பது நாளா யோசிச்சாச்சு, இப்ப ஒவ்வொரு நொடிக்கும் இவ உடம்புச் சூடுதான் செலவாகுது. என் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரம். அவ மூச்சுக்கூட என் மேல படுது. ஒரு நிமிஷம் வச்சுக்கிட்டுச் சொல்லிறலாமா. ஒரே ஒரு நிமிஷம்.

"சிஸ்டர், வேணாம். எனக்குக் காய்ச்சல் இருக்கு. மத்தியானம் மாத்திரை போட்டுட்டேன்."

சிஸ்டர் அப்படியே திரும்பிப் பிள்ளையை அண்ணி நெஞ்சுல சாய்ச்சுட்டாங்க. அண்ணியோட ரெண்டு கையும் தயாரா இருந்த மாதிரி வந்து மூடுது. துணி, முடிச்சு, குல்லா. முடிச்ச பிறகுதான் என் பக்கம் திரும்பினாங்க. படிச்சவங்கதான நீங்க, டீச்சர்தான, எந்திரிங்க, கவுனைத் தூக்குங்க, தையலைப் பார்க்கணும். பார்த்தாங்க. முகம் மாறிடுச்சு. இது எப்பருந்து இப்படி இருக்கு. காலையில இருந்து. காலையில இருந்தா. டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வர்றேன், அந்த ஸ்டூல்லயே போய் உக்காருங்க, குழந்தை பக்கம் போகாதீங்கன்னு விறுவிறுன்னு போயிட்டாங்க. மத்த மூணு தாயும் என்னைப் பார்க்கலை, பார்க்காத மாதிரி அவங்கவங்க பிள்ளையைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டாங்க. நான் செவுத்தோரம் வந்து உக்காந்தேன். அழுகை வரும்னு நினைச்சேன், பல்லுதான் கிடுகிடுன்னு அடிச்சுது.

அண்ணி திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். திட்டினா நல்லாருக்கும்.

"வினோ." குரல் கம்மிப் போய் வருது. "என்னைத் தப்பா நினைக்காத. காலையில இருந்து எனக்குச் சோறு இறங்கலை. மத்தியானம் சாப்பிட்டேன்னு சொன்னது பொய். நாலு மணி ஆகவே கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே கிடந்தேன். கண்ணை மூடிக்கிட்டு இருந்தேனே ஒழியத் தூங்கலை. நீ பார்த்துக்கிட்டே இருந்தே, உன் முகத்தைப் பார்க்க முடியலை எனக்கு."

நான் கவுன் முன்பக்கத்தை இழுத்து மூடிக்கிறேன்.

"உனக்கு இன்னும் நாலு நாள் காய்ச்சல் அடிக்கட்டும்னு கூட நினைச்சுட்டேன் வினோ. பாவி நான். வாய்விட்டு வேண்டலை, மனசுக்குள்ளதான்."

எந்திரிச்சுப் போய் ஓங்கி ஒரு அறை விடணும் போல இருக்கு. சத்தியமா. அடுத்த நொடியே, இந்த ஒன்பது நாள்ல முதல் தடவையா, இவங்க மடியில தலையை வச்சுப் படுத்துக்கணும் போலயும் இருக்கு. ரெண்டும் முடியாது, பக்கத்துல போகக் கூடாது.

"நீயும் என்னைத் திட்டியிருப்பேல்ல" அப்படின்னு கேக்குறாங்க.

"தினமும் அண்ணி. குளிக்கும்போது, சாப்பிடும்போது, எல்லா நேரமும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துருச்சு. கண்ணுல தண்ணி நிக்குது, சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்கிறாங்க, அடங்கலை, அந்தப் பெரிய உடம்பு முழுக்கக் குலுங்குது, துணிக்குள்ள பிள்ளையும் சேர்ந்து குலுங்குறா. குலுங்கிக்கிட்டே ஒரு கொட்டாவி விட்டுட்டுத் திரும்பத் தூங்கப் போறா. எனக்கும் சிரிப்பு வாய் வரைக்கும் வந்துச்சு. நான் சிரிக்கலை. அவ அங்க அவங்களோட சேர்ந்து குலுங்குறா, நான் இங்க தனியா நடுங்குறேன், அதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கேன்.